தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன்

ரயில்வேயில் நான் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்தது 1972-ல். ஆரம்பத்தில் சில வருஷம் பீச்–தாம்பரம் லைனில் ஒரு ஸ்டேஷனில் கவுண்டர் வேலை. அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ரேக்கிலிருந்து ஒன்றை உருவி, தேதி குத்தும் மெஷினில் ஒரு குத்துக் குத்தி, மீதிச் சில்லறையோடு ஜன்னலுக்கு வெளியே தள்ள வேண்டும். ஆள் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. கையையும் பையையும்தான் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில பைகள் வரும். ரொட்டி, ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், துணி சுற்றிய தூக்கு. "தாம்பரம் ரிட்டர்ன் ஒண்ணு" என்பார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கிய பிறகு கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "சார், தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன்ல இந்த வண்டி நிக்கும் இல்ல?" என்று கேட்பார்கள்.

அந்த முந்தின ஸ்டேஷனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க அவர்களுக்கு வாய் வராது. பின்னால் கியூவில் நிற்கிறவர் காதில் விழுந்துவிடுமே என்ற பயம். எனக்கு மேலே இருந்த சீனியர் ஒருவர், சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்: "எங்க எறங்கணும்னு திருப்பிக் கேக்காதப்பா. கேட்டதைக் குடுத்து அனுப்பு."

எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லாத வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சொல்லக்கூடாத சொல்லை மாற்றிச் சொல்வது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா நன்னூல் நடத்தியபோது தகுதி வழக்கு என்று மூன்றை உருப்போட வைத்தார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை வேறு வார்த்தையில் மறைப்பது முதலாவது. மலம் கழித்து வந்ததைக் 'கால் கழுவி வந்தான்' என்போமே, அது. தொல்காப்பியத்திலேயே இதற்கு 'அவையல் கிளவி' என்று பெயர் இருக்கிறது. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது இரண்டாவது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ரகசியப் பேச்சு மூன்றாவது. தட்டார் பொன்னைப் 'பறி' என்பது அதற்கு உதாரணம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இதை இலக்கணமாகவே எழுதி வைத்துவிட்டார். கன்னங்கரேலென்று நிற்கிற ஆட்டை நாம் வெள்ளாடு என்று கூப்பிடுவதுகூட மங்கலம்தான் என்று தமிழய்யா சொன்னபோது வகுப்பே சிரித்தது.

எங்கள் ஆயாவுக்கு நன்னூல் தெரியாது. மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர். ஆனால் மங்கல வழக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விளக்கை 'அணை' என்று சொன்னால் தலையில் குட்டு விழும். 'மலையேத்து' என்று சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி நிறைஞ்சிருக்கு'. தாலிக் கயிறு இற்றுப்போனால் 'பெருகிப்போச்சு'. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்கால் 'ஒண்ணு' கிடையாது, 'லாபம்'. ராத்திரியில் பாம்பு என்று சொல்லக்கூடாது, 'பூச்சி'. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு 'போறேன்' என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், உள்ளே திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும். நான் இரண்டு தடவை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

இதெல்லாம் நம் வீட்டு வழக்கம் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1986-ல் பீர்க்கன்கரணையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்போது எங்கள் தெருவில் மொத்தம் ஆறு வீடு. ஏரிக்கரைப் பக்கமிருந்து ராத்திரியில் தவளைச் சத்தம் காதை அடைக்கும். இடது பக்கத்து வீட்டில் நெல்லூர்க்காரர். விளக்கு அணைந்தால் அவர் வீட்டில் 'கொண்டெக்கிந்தி' என்பார்கள். கொண்ட என்றால் மலை, மலையேறிவிட்டது! அப்படியே நம் வார்த்தை. எதிர் வீட்டில் தாம்பரம் ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்ற வங்காளி ஒருவர். அவர் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் 'சால் பாடந்தோ' என்பார்களாம். அரிசி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார். 'ஆஷி', அதாவது வருகிறேன். ராத்திரியில் பாம்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'லதா', கொடி. மூன்று வீட்டுக்காரர்களும் மின்சாரம் போன ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இதை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தோம். அன்றைக்கு ஏரியிலிருந்து உண்மையாகவே ஒரு 'பூச்சி' வந்துவிட, மூன்று மொழியிலும் பாம்பு பாம்பு என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதில், உலகம் பூராவும் இதே கதைதான். ரஷ்யர்கள் கரடியை 'மெத்வேத்' என்கிறார்கள். தேன் தின்னி என்று பொருள். அதன் பழைய பெயரைச் சொன்னால் வந்து நிற்குமென்று பயந்து பயந்து, அந்தப் பழைய பெயரே அவர்கள் மொழியில் தொலைந்துபோனது. ஜப்பானில் நாலு என்ற எண்ணுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு, 'ஷி'. அதனால் அங்கே பல ஆஸ்பத்திரிகளில் நாலாம் நம்பர் அறை இருக்காது.

ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டதால் நோய்க்கு வருகிறேன். என் தலைமுறைக்காரர்கள் எல்லோருக்கும் மேற்கையில் அந்த வட்டத் தழும்பு இருக்கும். அந்த நோயை நாம் என்னவென்று சொன்னோம்? அம்மை. அம்மா. "ஆத்தா வந்திருக்கா", "அம்மா விளையாடுறா" என்றோம். கொப்புளத்தை முத்து என்றோம். ஆளைக் கொல்லும், கண்ணைப் பறிக்கும் நோய் அது. அதை அம்மா என்று கூப்பிட ஒரு தைரியம் வேண்டும். வடக்கே அவளுக்குச் சீதளா என்று பெயர், குளிர்ச்சியானவள். உடம்பே நெருப்பாகக் கொதிக்கிற நோய்க்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். எங்கள் வங்காளி நண்பர் ஊரில் 'மாயேர் தயா', அம்மாவின் கருணை. நைஜீரியாவில் யோருபா மக்களும் அம்மையின் தெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம். பூமியின் அரசன் என்ற மாதிரிப் பட்டப் பெயர்தான்.

கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கியதே அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காகத்தான். கன்றுக்குட்டியின் உடம்பிலிருந்து எடுத்த அந்த மருந்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் 'அம்மைப்பால்'. மருந்தையும் அம்மா கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்!

இந்தப் பழக்கத்தை முழு மூடத்தனம் என்று நான் ஒதுக்கமாட்டேன். அம்மை வந்த வீட்டில் வேப்பிலை செருகினார்கள், வெளியாள் வரவில்லை, வீட்டார் வெளியே விசேஷங்களுக்குப் போகவில்லை, நோயாளிக்கு இளநீரும் மோரும் கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படுத்திருந்தவர் மேல் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் உடம்பில் அம்மா அல்லவா இறங்கியிருக்கிறாள். ஆனால் அதே காரணத்தால் டாக்டரைக் கூப்பிடவில்லை. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடினார்கள். எழுபதுகளில் இந்தியா முழுக்க வீடு வீடாகத் தேடியபோது, அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டித்தான் விசாரித்தார்கள். படத்தைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டிவிடலாம், வாயால் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் தகவல் சொன்னால் ஆயிரம் ரூபாய் பரிசு என்று அறிவிக்கிற அளவுக்குப் போனார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

அம்மைக்குச் சாமி கிடைத்தது. க்ஷயத்துக்கு, எங்கள் பக்கத்தில் நான் அறிந்தவரை, எந்தச் சாமியும் வரவில்லை.

காசநோய்க்குத் தமிழில் இருக்கும் பெயர்களே பயமுறுத்தும். க்ஷயம் என்றால் தேய்ந்துபோவது. எலும்புருக்கி. இங்கிலீஷிலும் முன்னாளில் 'கன்ஸம்ப்ஷன்' என்றார்கள், ஆளைத் தின்று தீர்ப்பது. 1882-ல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் நல்ல மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அதற்கென்று ஊருக்கு வெளியே கட்டிய இடங்களுக்குச் சானடோரியம் என்று பெயர். குணப்படுத்துவது என்ற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. அதாவது அதுவும் ஒரு மங்கலச் சொல்தான்.

நம் சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திய தமிழர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் வைத்தியத்துக்காகத் தங்கியிருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, ஈரலில் வந்த அமீபா நோய் என்று பிற்பாடு 1994-ல் ஒரு டாக்டர் எழுதினார்.) சௌரிமுத்து 1928-ல் பச்சைமலை அடிவாரத்தில், காட்டு நிலத்தில், பன்னிரண்டு படுக்கையோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1937-ல் அது அரசாங்கத்திடம் போனது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். ஆஸ்பத்திரியின் பெயரையே தாங்கி அங்கே ஸ்டேஷனும் வந்தது. சுகம் தரும் இடம் என்று வைத்த பெயர், கொஞ்ச காலத்தில் நோயின் பெயராகவே மாறிவிட்டது. குஷ்டம் என்று சொல்லக் கூசிப் பெரிய வியாதி என்றார்கள், பிறகு அதையும் சொல்லக் கூசினார்கள். அதே கதை.

1961-ல் எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் தங்கை, என் சின்ன அத்தை, திடீரென்று வீட்டில் இல்லை. அவருக்கு அப்போது இருபத்து நாலு. யார் கேட்டாலும் ஆயா ஒரே பதில் சொல்வார்: "மலைக்குப் போயிருக்கா." கேட்டவர்கள் திருப்பதி என்று நினைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த மலை பச்சைமலை. ஒன்பது மாதம் அத்தை அங்கே இருந்தார். திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் சதை போட்டு, முன்பைவிட நன்றாக இருந்தார். ஆனால் சமையலறை மாடத்தில் அவருக்குத் தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர் வந்துவிட்டது. ஏன் என்று நான் கேட்டதற்கு, "கம்னு துன்னு" என்றார் ஆயா. அத்தைக்கு வரன் பார்ப்பதும் நின்றுபோனது. நின்றுபோனது என்றுகூட யாரும் சொல்லவில்லை. பேச்சே எழவில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, இதே மெட்ராஸில், தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை என்று நிரூபித்துவிட்டார்கள். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை வீட்டில் இருக்கவிட்டும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒண்டுக்குடித்தன வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் கூடப் புழங்கியவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் பூராவும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. எங்கள் வீட்டு மாடத்துக்கு அது வந்து சேரவில்லை. எப்படி வரும்? நோயின் பெயரே உள்ளே வர அனுமதி இல்லாத வீடு.

1969-ல் என் சித்தப்பா இருமத் தொடங்கினார். அச்சாபீஸில் வேலை, முப்பது வயதுகூட ஆகவில்லை. "சூடு" என்றார் ஆயா. பிறகு "சளிக்கட்டு". தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம். ஆள் இளைத்தபோது "கண்ணு பட்டுடுச்சு". ஆறு மாதம் இப்படியே பெயர் மாறிக்கொண்டிருந்தது. ரத்தமாக வந்த பிறகுதான் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பதினோரு நாள் இருந்தார். ஊருக்குச் சொல்லி அனுப்பியபோதும் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நானும் என் சிநேகிதர்களிடம் மாரடைப்பு என்றே சொன்னேன்.

முப்பது வருஷம் கழித்து, 1999-ல், ஆயாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பீர்க்கன்கரணையில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, எந்தப் பேச்சும் தொடங்காமல், தானாகச் சொன்னார்.

"மொதல் மாசமே எனக்குத் தெரியும்டா. சாயங்காலமானா காச்சல், ராத்திரியானா பாய் நனையறாப்ல வேர்வ. எனக்கு இருந்ததேதான். நான் சொல்லியிருக்கணும். அந்தப் பேர நான் சொன்னா, உங்கிட்டருந்துதாண்டி வந்துச்சுன்னுவாங்க. வாய மூடிக்கினேன்."

அத்தையிடமிருந்துதான் வந்ததா என்று எந்த டாக்டராலும் இனி சொல்ல முடியாது. அச்சாபீஸில், பஸ்ஸில், எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆயா சொன்ன மங்கல வார்த்தைகளை நினைத்து இன்றும் எனக்குச் சிரிப்பும் பிரியமும்தான் வருகின்றன, அந்த "சளிக்கட்டு" ஒன்றைத் தவிர.

நாம் இப்போது செய்கிற தந்திரம் வேறு. இங்கிலீஷை மங்கல வழக்காக்கிவிட்டோம். காசம் என்று சொல்லாமல் டிபி என்கிறோம். செத்துப்போனார் என்று சொல்ல வராதவர் 'எக்ஸ்பயர் ஆயிட்டார்' என்கிறார், மருந்துப் பாட்டிலைச் சொல்வதுபோல. 1986-ல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். 1993 முதல் அந்த நோயாளிகளையும் நம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் கதவைச் சாத்திய காலத்தில் இங்கே படுக்கை கொடுத்தார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். உடனே வெளியூர்களில் "தாம்பரம் போய் வரான்" என்பதற்கே ஒரு அர்த்தம் வந்துவிட்டது. பாருங்கள், என் கவுண்டரில் சானடோரியத்தை மறைக்கச் சொன்ன 'தாம்பரம்' என்ற வார்த்தையையும் நோய் பிடித்துக்கொண்டது. பிறகு 'புள்ளிராஜா' என்று ஒரு கற்பனை ஆளை வைத்து ஊரெல்லாம் பலகை எழுதினார்களே, ஞாபகம் இருக்கிறதா? பலர் முகம் சுளித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. டீக்கடையில் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்னார்களே.

சானடோரியம் என்ற வார்த்தை எப்படிச் சுத்தமானது என்பதும் வேடிக்கைதான். 1984-ல் எதிர்ப்பக்கம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு "சானடோரியம் ஒண்ணு" என்று சத்தமாகக் கேட்டு டிக்கெட் வாங்கினார்கள். 2005-ல் தேசிய சித்த மருத்துவமனையும் அங்கேயே வந்தது. இன்றைக்கு என் பேரனுக்கு அது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான்.

அத்தை 2016-ல் தவறினார், எழுபத்தொன்பது வயதில். (தவறினார் என்றுதான் எனக்கும் எழுத வருகிறது.) கடைசிப் பதினைந்து வருஷம் அவர் வேறு ஆளாக மாறியிருந்தார். ஒரு தடவை மாம்பலத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தோம். எதிர் சீட்டில் ஒரு அம்மாவும் இருபது வயது மகனும். பையன் பல்லாவரம் வரும்வரை இருமிக்கொண்டே வந்தான்.

"எத்தினி நாளா இருமுற?" என்றார் அத்தை.

"சளிதாங்க, ரெண்டு மாசமா விட மாட்டேங்குது" என்று அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"எனக்கு டிபி இருந்துச்சும்மா" என்றார் அத்தை. பெட்டியில் பாதிப்பேருக்குக் கேட்டிருக்கும். "அடுத்தாப்ல வருது பாரு, சானடோரியம், அங்கதான் ஒம்போது மாசம் இருந்தேன். இன்னா ஆயிட்டேன்? குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு இருக்கேன். பையன இட்டுகினு போய்க் காட்டு."

என் பக்கத்தில் இருந்தவர் ஓர் அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சானடோரியம் வந்தது, போனது. அவர்கள் இறங்கவில்லை. பெருங்களத்தூரில் நாங்கள் இறங்கிப் பிளாட்ஃபாரத்தில் நடக்கும்போது, ஜன்னல் கம்பி வழியாகக் குரல் வந்தது.

"பெரியம்மா, அங்க எந்தக் கிழமை பாப்பாங்க?"

"எல்லாக் கிழமையும்" என்று அத்தை திரும்பிக் கத்தினார். வண்டி கிளம்பிவிட்டது.